இருபத்தோரு பூச்சு

கணக்கு இடிச்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு இடிச்சுது. நல்லசிவம் உப்புத்தாளைக் கீழ வெச்சுட்டு, சைக்கிளு பார் கம்பியில தேச்ச எடத்தை எச்சித் தொட்டுத் தொடைச்சு, மறுக்காவும் எண்ணுனான். வெங்காயத்தைக் குறுக்க அறுத்தாப்பல வட்டம் வட்டமா இருந்துது. வெளிய பச்சை, அதுக்குள்ள கறுப்பு, கறுப்புக்குள்ள இன்னொரு கறுப்பு, நடுவால மயிரிழையாட்டம் ஒரு கோடு, அப்பறம் காவி, செகப்பு, இந்தச் சைக்கிளை வெச்சிருந்த மில்லுக்காரனுக்கு என்ன கிறுக்குப் புடிச்சுதோ அடுத்தடுத்து ஊதா, கடைசியா நட்டநடுவுல சுண்டுவெரல் நகத்தளவு வெறும் இரும்பு, கண்ணாட்டம் இவனையே பாத்துக்கிட்டு. கம்பெனிக்காரன் அடிச்ச அடிக்கறுப்பைத் தள்ளிட்டா இருபத்தொண்ணு. ஆனா பின்சக்கரத்து ஹப்புல, கிரீசை வழிச்செடுத்தா, அம்பத்தாறுன்னு வருசம் குத்தியிருந்துது. சங்ககிரி காயலாங்கடைக்காரரு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிச் சொன்னாரு: மாவு மில்லு சைக்கிளுங்க, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மில்லுக்கு அடிச்சது போக மிச்சப் பெயிண்டை இதுக்கு அடிச்சிருவாங்க, மில்ல மூடுன எம்பது வரைக்கும் ஒரு வருசம் தவறுனதில்லைன்னு. அப்படிப் பாத்தா இருபத்திநாலு பூச்சு இருக்கோணும். மூணைக் காணோம். ஹப்பு மாத்துனதா இருக்குமோ. காயலாங்கடைக்காரரு சத்தியம் காயலாங்கடைச் சத்தியம்தானோ. மத்தியானம் தின்ன கத்திரிக்காக் கொழம்பு நெஞ்சுல எரிஞ்சுது. தகரக் கொட்டாய்க்குள்ள வெயில் எறங்குறதுக்கு மனசில்லாம மெதுவா எறங்கிக்கிட்டிருந்துது. பக்கத்துல கறுப்புப் பெயிண்டு டப்பா மூடி தொறக்காம ஒக்காந்திருந்துது. நாளைக்கு ஆயுத பூஜை. காத்தாலயே அம்மா சொல்லிப்போட்டா, அந்தச் சைக்கிளுக்கு எத்தன வயசுன்னு இன்னிக்காவது பாத்துச் சொல்லுன்னு. எங்கிட்ட வேண்டாம், பொழுதெறங்க அர்த்தநாரி போன் பண்ணுவானல்ல, அவங்கிட்டச் சொல்லிவிடுன்னா. அர்த்தநாரி இவனுக்குத் தம்பி. ஞாயித்துக்கெழம பொழுதெறங்கப் பொழுதெறங்கப் போன் பண்ணுவான். அவன் செத்து நாலு மாசமாச்சு.

வைகாசிக் கடைசியில, சேலம் போற ட்ரிப்புல டிக்கெட் போட்டுக்கிட்டிருக்கறப்பத்தான் சேதி வந்துது. ரிக் வண்டி மொதலாளி. சத்தீஸ்கர்ல போர்க்கெணறு போட்டுக்கிட்டிருந்த வண்டி, அர்த்தநாரி அதுல டிரில்லரு. "நல்லசிவமுங்களா, சித்த ஒக்காருங்க"ன்னாரு. ஓடற பஸ்ஸுல கண்டக்டர் எங்க ஒக்காருவான். "ஒக்காந்துட்டீங்களா"ன்னு அந்த மனுசன் விடாம கேட்டாரு, ஒக்காந்துட்டேங்கன்னு நின்னுக்கிட்டே சொன்னான், அதுக்கப்பறம்தான் ராடு மாத்தறப்பச் சங்கிலி அறுந்ததைச் சொன்னாரு. அந்த 'ஒக்காந்துட்டீங்களா' இன்னமும் காதுல நிக்குது, வேணும்னா அப்படியே எறக்கிக் காமிப்பான், அந்த மூச்சு, அந்தத் தொண்டைக் கமறல், எல்லாத்தோடயும். பொணத்தைக் கொண்டார முடியாதுன்னாங்க, வெயில்னாங்க, அங்கயே ஒரு ஆத்தங்கரையில வெச்சு இவனே கொள்ளி போட்டான். தலை தெக்கயா வடக்கயான்னு கேக்க ஆளில்ல. காயிதம் எழுதறவன் ஹிந்தியில என்னமோ கேட்டான், கூட இருந்த எடுபுடி ஆளு சொன்னான் வயசு கேக்கறாங்கண்ணான்னு. வயசு. கூடப் பொறந்தவன் வயசு வாயில வரல. மாரியாத்தா நோம்பி பெருசா எடுத்த வருசமா, அதுக்கு அடுத்த வருசமா, நான் ரெண்டாப்புப் படிச்சேனா மூணாப்பா, அம்மாளுக்குப் போனைப் போட்டுக் கேட்டாத் தெரிஞ்சிரும், அம்மாளைத்தான் கேக்க முடியாது. நாப்பத்திநாலுன்னு குத்துமதிப்பாச் சொன்னான். அவன் எழுதிக்கிட்டான். குத்துமதிப்பா ஒரு வயசோட எரிஞ்சு போனான் அர்த்தநாரி. திரும்பி வர்ற ரயில்ல ஊட்டுக்காரி கோகிலாளுக்குப் போன் பண்ணி, அம்மாகிட்ட மூச்சு விட்றாதேன்னான். அம்மா பாவாயிக்கு ரெண்டு கண்ணும் போயி ஆறேழு வருசம். கண்ணு போனவளுக்கு இதையும் எப்படிச் சொல்றது, இன்னிக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கலாம். மொட்டைத்தலையோட வாசல்ல வந்து நின்னான். சோப்பு வாசம் புடிச்சுத் தலையைத் தொட்டா அம்மா. பழனிக்குப் போயிருந்தேம்மா, தம்பிக்கு வேண்டுதல்னான். அவ கையி நெத்தியில எறங்கி, மூக்குல எறங்கி, மேலொதட்டுல வந்து நின்னுது. "மீசையுமாடா எடுத்துக்கிட்டான் பழனிக்காரன்"ன்னா. நாசுவன் கையி தவறிப்போச்சும்மான்னான். அவ கையை எடுத்துக்கிட்டு, உள்ள போயி ஒக்காந்து, கால மட்டும் நீவிக்கிட்டிருந்தா.

ஒரே ஒரு நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சான். எல்லாத் தப்பும் ஒரு நாளைக்குன்னுதான ஆரம்பிக்குது. அவன் ஏன் இன்னும் கூப்புடுலன்னு அம்மா சோத்து வட்டலைத் தள்ளி வெச்சுட்டா. கோகிலா ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போயி நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. இவன் அர்த்தநாரியோட போனை எடுத்துக்கிட்டு இந்தக் கொட்டாய்க்கு வந்து, கதவைச் சாத்தி, நம்பரை அமுத்துனான். உள்ள அம்மாளோட போன்ல சேவல் கூவுச்சு. அர்த்தநாரி வெச்சுட்டுப் போன சத்தம் அது, நான் கூப்புட்டா உனக்குத் தெரியோணுமில்லன்னு சொல்லி வெச்சது. செத்தவன் சேவலாக் கூவுனான். அம்மா எடுத்தா. நல்லசிவம் மூக்கைக் கொஞ்சம் அடைச்சு, கொரலை அரைப் படி மேல ஏத்தி, சித்த நேரம் விட்டு, "அதாம்மா"ன்னான். அந்தச் சித்த நேரம்தான் அர்த்தநாரி. கொரலை எவன் வேணும்னாலும் புடிச்சிரலாம், அவன் எதைக் கேட்டாலும் பதிலு சொல்றதுக்கு முன்னால ஒரு மொடக்கு தண்ணி குடிக்கற நேரம் விடுவான், பொறகு 'அதாம்மா'ம்பான், அதாங்கறதுக்கு முன்னால ஒண்ணும் இருக்காது. நல்லசிவத்துக்குச் சின்ன வயசுலருந்தே இந்த வித்தை. கணக்கு வாத்தியாரு கொரல்ல பக்கத்து வகுப்பை எந்திரிச்சு நிக்க வெச்சிருக்கான். பஸ்ஸுல டிரைவரு தூங்கி விழுந்தா செக்கிங் இன்ஸ்பெக்டரு கொரல்ல ஒரு செருமல் செருமுவான், வண்டி நேராப் போகும். ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துல பெரியம்மாக்க எல்லாம் ஒக்காரவெச்சு, எங்களாட்டப் பேசிக்காட்டு சாமின்னு கேட்டு, பேசிக்காட்டுனா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. அத்தன வித்தையும் இப்ப ஒத்தக் கொரலுக்கு வந்து நிக்குது. அன்னிக்கு அம்மா நல்லாச் சோறு தின்னா. மறுவாரம் சேவல் கூவலைன்னா தின்ன மாட்டா. புலி வாலைப் புடிச்சாச்சு.

புடிச்சதுக்கப்பறம்தான் இன்னொண்ணு தெரிஞ்சுது. செத்தவனுக்குப் புதுசாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. மழ பேஞ்சுதாம்மான்னு ரெண்டு வாரம் ஓட்டலாம், சோறு சரியில்லம்மான்னு ஒரு வாரம், பாறை கெட்டிம்மான்னு ஒரு வாரம். அதுக்கப்பறம் போன்ல ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அப்பத்தான் காயலாங்கடையில இந்தச் சைக்கிளு கண்ணுல பட்டுது, கழுத்துல கயிறு கட்டுன கெழட்டு மாடாட்டம். தூக்கிக்கிட்டு வந்தான். அண்ணன் ஒரு பழைய சைக்கிளு வாங்கியிருக்கானாமே, பிரிச்சு மேஞ்சு புதுசாக்கப் போறானாமேன்னு அர்த்தநாரி கொரல்ல அம்மாகிட்டச் சிரிச்சான். அம்மாளும் சிரிச்சா. எந்தக் காலத்துதாம் அதுன்னா. அங்க புடிச்சுது வண்டி. மொத வாரம், முன்னால இருக்கற கம்பெனி வில்லை தேஞ்சு எழுத்துத் தெரியலியாம்மா. அடுத்த வாரம், சீட்டுக்கு அடியில நம்பர் இருக்குதாம், மொத எண்ணு துருப்புடிச்சுப் போச்சாம். அதுக்கடுத்த வாரம், மட்கார்டுல முனிசிபாலிட்டி லைசென்சு வில்லை ஒண்ணு, அது அறுவத்தெட்டாம், அதுக்குக் கீழ பழைய வில்லைக்கு ஆணி அடிச்ச ஓட்டை இன்னும் இருக்குதாம், அப்ப அதுக்கும் மின்னாடியே வண்டி இருந்திருக்குதாம். அம்மா ஒண்ணொண்ணுக்கும் ஊம் கொட்டுனா. சின்னதுல இவனுக கதை சொன்னா ஊம் கொட்டுவாளே, அப்படி. போன வாரம் ஹப்பு. இன்னிக்குப் பூச்சு. பூச்சையும் எண்ணியாச்சுன்னா அப்பறம் தேச்சுப் பாக்க ஒண்ணுமில்ல, வயசு தெரிஞ்சுபோயிரும், தெரிஞ்சுபோச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கெழம செத்தவன் என்னத்தப் பேசுவான். இத்தன நாளா வேணும்னேதான் மெதுவாத் தேச்சான். அப்படியும் இரும்பு தெரிஞ்சுபோச்சு.

நல்லசிவம் சும்மா இருக்க மாட்டாத கையால பின்சக்கரத்தைச் சுத்தி விட்டான். சைக்கிளு சீட்டு மேல தலைகீழா நின்னுது, பிரீவீலு டிக்டிக்டிக்குன்னு சுத்தி, மெதுவாகி, டிக், டிக், நின்னுது. மறுக்காச் சுத்தி விட்டான். இது ஒரு பழக்கமாப் போச்சு, பல்லுக் குத்தறாப்பல. போனு சட்டை மேல்ஜோப்புல கனத்துது. அர்த்தநாரியோட போனு. அதுல அவன் கடைசியா இவனுக்கு அனுப்புன பேச்சு ஒண்ணு கெடக்குது, வாயால பேசி அனுப்புனது, கைநெறைய டிக்கெட்டோட இருந்ததால அன்னிக்குக் கேக்கல, அப்பறம் கேக்கலாம்னு விட்டது. இப்பக் கேக்கறதுக்குப் பயமா இருக்குது. சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க, அழுகை வந்துருமேங்கற பயமில்ல. அவன் கொரலு வேற மாதிரி இருந்துட்டா. நாலு மாசமா இவன் பேசறது ஒரு பக்கம், அவன் நெசமாப் பேசுனது ஒரு பக்கம், ரெண்டும் ஒட்டாமப் போயிட்டா. ராத்திரி படுத்தா அர்த்தநாரி நெனைப்புல வந்து பேசறான், காது குடுத்துக் கேட்டா அது இவன் கொரலு. அர்த்தநாரி மேல நல்லசிவம் ஒரு கோட்டுப் பூச்சு, அதுக்கு மேல இன்னொரு கோட்டு, ஞாயித்துக்கு ஒரு கோட்டா அடிச்சு அடிச்சு, அடியில இருந்தவன் எந்த நெறம்னே மறந்துபோச்சு. போன வாரம் பஸ்ஸுல சங்ககிரி எறங்கறதெல்லாம் முன்னால வாங்கன்னு கத்துனான். டிரைவரு கண்ணாடியில திரும்பிப் பாத்தாரு. முன்சீட்டுல கூடையோட ஒக்காந்திருந்த பொம்பள, "ஏனுங் கண்டக்டரு, சளி புடிச்சிருக்குதுங்களா"ன்னா. ஆமாங்க்கான்னான், அதுவும் அந்தக் கொரல்லயே வந்துது. விசிலை ஊதுனான். விசிலுக்கு ஆரு கொரலும் இல்ல. அன்னிக்குப் பூராம் விசில்லயே ஓட்டுனான். இருபத்தொண்ணு. மறுக்காவும் எண்ணுனாலும் இருபத்தொண்ணுதான். ஒரு வேள மில்லுக்காரன் ஒரே வருசத்துல ரெண்டு கோட்டு அடிச்சிருந்தா கூடத்தான வரோணும், எப்படிக் கொறையும்.

கோகிலா மோரு கொண்டாந்தா. டம்ளரைக் கீழ வெக்கலாம், வெக்கல. பெயிண்டு டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா. அத்தை பொரி கடலை வாங்கியாச்சாங்கறாங்க, வெள்ளைப் பூசணி எங்கங்கறாங்க, அருவாமனையக் கழுவி வெய்யிங்கறாங்க, நான் என்னங்க பண்ணட்டும்னு கொரலை எறக்கிக் கேட்டா. எல்லாம் பண்ணிரு, அம்மா கேட்டதெல்லாம் பண்ணிருன்னான் நல்லசிவம். அவளுக்குக் கண்ணு நெறஞ்சுது. அவ லேசுல அழுகற ஆளு இல்ல. எழவுக்கு வந்த ஒறம்பரைகளை எல்லாம் தெருமுக்குலயே மறிச்சு, ஊட்டுக்குள்ள வந்து வாயத் தொறந்தீங்கன்னா அப்பறம் நம்மூட்டுப் பக்கம் வராதீங்கன்னு திருப்பி அனுப்புனவ. ஒரு சித்தி மட்டும் தப்பிச்சு உள்ள வந்து, பாவாயீன்னு ஒரு இழு இழுத்துட்டா. கோகிலா ஒடனே, அத்தை, சித்திக்குப் பல்லுவலிங்கன்னு சொல்லி, அந்தச் சித்தி தாடையில துணியைக் கட்டி ஒக்கார வெச்சா பாருங்க. அம்மா கூட, கிராம்பு வெச்சுக் கடிச்சுக்கோன்னு வைத்தியம் சொன்னா. அப்பேர்ப்பட்டவ இப்ப மோரு டம்ளரை வெக்கத் தெரியாம நின்னா.

"ஏனுங், எழவு விழுந்த ஊட்ல ஒரு வருசத்துக்கு நோம்பி கெடையாதுங்க. பொய்யி சொல்லலாம். சாமி முன்னால சூடத்தைக் கொளுத்தி வெச்சுமா பொய்யி சொல்றது. நமக்கும் கொழந்தைக இருக்குது."

நோம்பி இல்லைன்னா அம்மா ஏன்னு கேப்பாளேன்னான் இவன்.

"கேக்கட்டும். என்னைக்கோ ஒரு நா கேக்கத்தான போறாங்க." டம்ளரை வெச்சா, மோரு தளும்புச்சு. "எங்கூட்ல ஐயனைப் பெத்த அப்பாரு செத்த வருசம், ஐயன் டிராக்டருக்குப் பொட்டுக்கூட வெக்கல. மாட்டுக்குக் கொம்புக்குப் பெயிண்டு அடிக்கல. மொழுக்கட்டைக் கொம்போட நின்னுது அத்தன மாடும்."

சொல்லிட்டு அவ போயிட்டா. நல்லசிவம் டம்ளரைத் தொடல. பெயிண்டு அடிக்கல. மாட்டுக்குக் கொம்புக்குப் பெயிண்டு அடிக்கல. அவன் குனிஞ்சு, கண்ணாடியை நெத்தியிலருந்து எறக்கிவிட்டு, அந்த வட்டத்துக்கிட்ட மூஞ்சியைக் கொண்டுபோனான். எல்லாக் கோட்டும் ஒரே மாதிரி இல்ல, இத்தன நேரம் நெறத்தைத்தான் பாத்தான், கோட்டோட வெளிம்பைப் பாக்கல. ஒரு செகப்பு இருந்துது, அடியில நல்ல செகப்பு, மேல வரவர வெளுத்து ரோசாவாட்டம் ஆகி, அதுக்கப்பறம்தான் காவி. மத்ததெல்லாம் ஒரு வருச வெயிலைத்தான் பாத்திருக்குது, இந்தச் செகப்பு ரெண்டு வருச வெயிலைப் பாத்திருக்குது. அதே மாதிரி ஒரு பச்சை, வெளுத்துச் சுண்ணாம்பாட்டம். உள்ள, ரொம்ப உள்ள, ஊதாவுக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு, சாம்பல் பூத்து. மூணு. ஹப்பு பொய்யி சொல்லல. காயலாங்கடைக்காரரும் பொய்யி சொல்லல. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆரும் எதையும் தவற விடல. மூணு வருசம் அந்த ஊட்ல நோம்பி இல்ல, அவ்வளவுதான். மூணு பேரு. வயசைக் கண்டுபுடிக்கோணும்னா பூச்சை எண்ணுனாப் பத்தாது, எழவையும் கூட்டோணும்.

ஊதாவை ஒட்டுன அந்தக் கறுப்பு வருசத்துக்காரன் ஆருன்னு நெனைச்சான். மில்லுக்காரனோட ஐயனா இருக்கும், மொதல்ல போறது ஐயன்தான, இல்லைன்னா கொழந்தையோ, அந்தக் காலத்துல கொழந்தைகதான் அதிகம் போச்சு. செகப்பு வெளுத்த வருசம் ஒருவேள பொண்டாட்டி. வெள்ளாமை வெளஞ்சு மில்லுல கூட்டம் நெறிஞ்சிருக்கும், மாவு பறந்திருக்கும், பொரி இல்ல, பூசணி இல்ல, சைக்கிளை மட்டும் செவுத்துல சாத்தி வெச்சிருப்பாங்க, பழைய நெறத்தோட, வந்தவன் போனவன் எல்லாம் பாத்த ஒடனே தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடியிருப்பான். ஆரும் சொல்லவேண்டியதில்ல, சைக்கிளு சொல்லும். நாளைக்கு இவன் கறுப்பை அடிச்சான்னு வெச்சுக்கோ. அம்பது வருசம் கழிச்சு எவனோ ஒரு கிறுக்கன் காயலாங்கடையில இதைப் புடிச்சு உப்புத்தாளு போட்டுத் தேய்ப்பான். எண்ணுவான். இந்த வருசத்துக்கும் ஒரு கோட்டு இருக்கும், பளபளன்னு, ஒரு கொறையுமில்லாம. இந்த வருசம் இந்த ஊட்ல ஆரும் சாகலைன்னு எழுதிக்குவான். ஹிந்திக்காரன் நாப்பத்திநாலுன்னு எழுதிக்கிட்டாப்பல. அடிக்காம விட்டா அம்மா காத்தால வந்து கையால தடவிப் பாப்பா. துருவும் தேச்ச எடமும் கையில படும். ஏண்டா அடிக்கலம்பா. அப்ப என்னன்னு சொல்றது, எந்தக் கொரல்ல சொல்றது. சூடத்துக்குப் பயந்து அம்மாளைக் கொல்றதா. கோகிலா சொல்லுவா, நீங்க ஒண்ணும் கொல்லல, சங்கிலி கொன்னுதுன்னு. அவன் திருப்புளியை எடுத்து டப்பா மூடியை நெம்புனான். கறுப்பு, வழுவழுன்னு, அடி தெரியாம. வாசம் மண்டைக்கு ஏறி இருமல் வந்துது, கதவை ஒரு சாண் தொறந்து வெச்சான், அதுவும் பத்தாம அகலத் தொறந்து கல்லு முட்டுக் குடுத்தான். பிரஷ்ஷை முக்கி எடுத்தான், சொட்டு விட்டு வடிச்சான், பார் கம்பிகிட்டக் கொண்டுபோனான், வெறும் இரும்பு கண்ணாட்டம் பாத்துது. பிரஷ்ஷை டப்பா மேல குறுக்க வெச்சுட்டான். மொதல்ல போனைப் பேசிரலாம். பேசிட்டு அடிச்சுக்கலாம். பொழுதெறங்கிப்போச்சு, காக்காயெல்லாம் வேப்பமரத்துக்கு வந்திருச்சு, உள்ள அம்மா சன்னலோரமாக் கட்டிலை இழுத்துப் போடற சத்தம் கேட்டுது. அவளும் தயாரு.

நம்பரை அமுத்துனான். ஊட்டுக்குள்ள சேவல் கூவுச்சு. எப்பவும் மூணு கூவு கூவட்டும்னு விட்டுத்தான் எடுப்பா, கைக்குள்ளயே வெச்சிருந்தாலும். எடுத்தா. சாப்புட்டியா கண்ணுன்னா. அதாம்மா, சப்பாத்தின்னான் அர்த்தநாரி கொரல்ல. அங்கயும் நாளைக்குப் பூஜையான்னா. ஆமாம்மா, வண்டியக் கழுவிட்டோம், மாலை வாங்கோணும்னான். ஊம் கொட்டுனா. உங்கண்ணன் என்ன பண்றான், இன்னிக்குப் பூராம் கொட்டாயிலதான் கெடக்கறான், வயசு தெரிஞ்சுதாமான்னா. நல்லசிவத்தோட கையி தானா பின்சக்கரத்துக்குப் போச்சு. சுத்தி விட்டான். பேசறப்ப கையிக்கு ஒரு சோலி வேணும். அதாம்மா, தேச்சுப் பாத்தானாம், வருசத்துக்கு ஒரு பூச்சுக் கணக்கு, இருபத்திநாலு இருக்கோணுமாம், எண்ணுனா இருபத்தொண்ணுதான் இருக்குதாம், மூணு இடிக்குதாம்மா, அந்த வருசமெல்லாம் பெயிண்டு கெடைச்சிருக்காதோ என்னமோன்னு அண்ணன் மண்டைய ஒடைச்சுக்கறான்னு சொல்லிச் சிரிச்சான். அர்த்தநாரி சிரிப்பு. வாக்கியம் முடியறதுக்கு மின்னயே சிரிச்சிருவான் அவன். அம்மாளும் லேசாச் சிரிச்சா. "சைக்கிளுக்கு வயசு கண்டுபுடிக்கறானாக்கும். கூடப் பொறந்தவன் வயசக் கேட்டா முழிப்பான்"னா. ஆத்தங்கரை வெயிலு சுரீர்னு முதுகுல அடிச்சுது. சக்கரத்தை இன்னும் வேகமாச் சுத்தி விட்டான். டிக்டிக்டிக்டிக். அம்மா, அடுப்புல பாலு பொங்குதான்னு பாக்கச் சொல்ற கொரல்ல சொன்னா.

"பெயிண்டு கெடைக்காம இல்ல சாமி. எழவெடுத்த வருசத்துல எவன் பெயிண்டு அடிப்பான்."

சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துது.

"அந்தச் சக்கரத்தைச் சித்த நிறுத்து கண்ணு. நீ பேசறது கேக்க மாட்டேங்குது."

கையைக் குடுத்து நிறுத்துனான். கம்பி வெரலை அறைஞ்சுது, வலி அப்பறமாத்தான் வந்துது. சத்தம் நின்னதுக்கப்பறம்தான் இவனுக்குக் கேட்டுது, அம்மா மூச்சு விடறது போனுக்குள்ள ஒரு தடவை, தொறந்த கதவு வழியா, பொடக்காளியத் தாண்டி, சன்னல்லருந்து ஒரு தடவை. மொதல்ல சன்னலு. அது முடிஞ்சு, ஒரு சொட்டு விழுகற நேரம் கழிச்சுப் போனு. எத்தன வாரமா இப்படி. மொத வாரத்துலருந்தா. மீசையத் தொட்டப்பவா. கால நீவிக்கிட்டு ஒக்காந்திருந்தாளே, அப்பவா. கிராம்பு வெச்சுக் கடிச்சுக்கோன்னாளே. பூசணிக்கா எங்கன்னு கேட்டது, வயசு தெரிஞ்சுதான்னு வாராவாரம் கேட்டது, இவனுக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரக் கூடாதேன்னா. அவன் சன்னலைப் பாக்கல. பாத்தா முடிஞ்சுது. அவளுக்குக் கண்ணு தெரியாதுன்னாலும், பாத்தா முடிஞ்சுது.

"அண்ணங்கிட்டச் சொல்லீரு"ன்னா அம்மா. ரெண்டு தடவை கேட்டுது, சன்னல்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு. "நாளைக்கு நோம்பி வேண்டாம். சைக்கிளுக்கு இந்த வருசம் பெயிண்டு வேண்டாம். அடுத்த வருசம் அடிச்சுக்கலாம்னு சொல்லு. எஞ்சொல்லைக் கேக்க மாட்டான், நீ சொன்னாக் கேப்பான்."

பிரஷ்ஷுலருந்து கறுப்பு ஒரு சொட்டு டப்பாவுக்குள்ள விழுந்துது. கோகிலா பொடக்காளிக் கதவுல வந்து நின்னா, தோசைக்கரண்டி கையிலயே இருந்துது. ஆரும் ஆரையும் பாக்கல.

"அடுத்த வாரம் பேசுவியல்ல?"

நல்லசிவத்துக்குத் தொண்டைக்குள்ள அவன் கொரலு வந்து நின்னுது, அவனோடதேதான், பட்டையா, பஸ்ஸுல கத்திக் கத்திக் கரகரத்தது, அம்மான்னு ஒரு சொல்லோட. அதை முழுங்குனான். போனைக் காதுல இன்னும் இறுக்கி வெச்சுக்கிட்டான். ஒரு மொடக்கு தண்ணி குடிக்கற நேரம் விட்டான்.

"அதாம்மா"ன்னான் அர்த்தநாரி. "பேசாம எங்க போகப்போறேன்."